‘தன்’ என்னும் சொல்லும் கணினி நிரலும்

பள்ளி நூலகத்திற்கு ஒரு நிரல் எழுதப்படுகிறது. நூல் எடுப்பதை ஒரு வழிமுறையும், திருப்பித் தருவதை மற்றொரு வழிமுறையும் கவனிக்கின்றன. இரண்டும் ‘உறுப்பினர்’ என்னும் ஒரே இனக்குழுவில் அமைந்தவை. ஆயினும், ஒன்று குறித்து வைத்ததை மற்றொன்று எவ்வாறு அறியும்?

‘எடு’ என்னும் வழிமுறைக்குள் பிறந்த மாறி, அது முடிந்தவுடன் மறைந்துவிடும். அதனை உள்ளமை மாறி என்பர். ‘திருப்பு’ அதனைத் தேடினால் பிழைச்செய்தியே மிஞ்சும். எனவே, நூற்பட்டியல் வழிமுறையிடம் அன்றி, உறுப்பினராகிய பொருளிடமே தங்க வேண்டும். பைத்தான் மொழியில் இதற்குத் துணைநிற்பது ‘செல்ஃப்’ என்னும் சொல்.

தமிழில் ‘தான்’ என்பது வேற்றுமை உருபு ஏற்கையில் ‘தன்’ எனக் குறுகும். ‘கண்ணன் தன் நூலை எடுத்தான்’, ‘மலர் தன் நூலை எடுத்தாள்’. சொல் ஒன்றே, அது சுட்டும் ஆள்தான் வேறு. ‘செல்ஃப்’ என்பதும் அவ்வாறே, எந்தப் பொருளின் வழியாக வழிமுறை அழைக்கப்படுகிறதோ அப்பொருளைச் சுட்டும். (ஜாவாவில் இதற்கு ஈடான ‘திஸ்’ பல இடங்களில் எழுதப்படாமலே உணரப்படும், நம் தோன்றா எழுவாயைப் போல.) ‘செல்ஃப்’ வழக்கத்தால் நிலைத்த பெயரே; கட்டாயமன்று. 2008இல் வெளிவந்த பைத்தான் 3 முதல் பெயர்களைத் தமிழ் எழுத்துகளிலும் இடலாம். வழிமுறையின் முதல் அளபுருவிற்குத் ‘தன்’ என்று பெயரிட்டால்,

தன்.நூல்கள் = []

என்னும் வரியைக் கணினி ஏற்கும். பொருள் உருவாகும்போது தானே இயங்கும் தொடக்க வழிமுறையில் இதனை எழுத வேண்டும்.

அங்கு எழுதாமல், ‘தன்’ என்பதை நீக்கி,

நூல்கள் = []

என இனக்குழுவின் உடலில் நேரே எழுதினாலும் நிரல் ஓடும். கண்ணன் நூல் எடுப்பான், திருப்பியும் தருவான். ஒருவனை மட்டும் வைத்துச் சோதித்தால் குறையே தோன்றாது. மலரும் உறுப்பினரானதும் உண்மை வெளிப்படும். பட்டியல் ஒன்றே; இருவருக்கும் பொது. கண்ணன் எடுத்த நூல் மலரின் கணக்கிலும் நிற்கும். அவன் காலந்தாழ்த்தினால், எடுக்காத நூலுக்கு அவளும் தண்டம் கட்ட நேரும்! நாள் ஒன்றுக்கான தண்டத் தொகையோ எல்லார்க்கும் ஒன்றே. அதனை இனக்குழுவில் வைப்பதே முறை.

பயிற்சி

1. ‘தான்’ என்பதனை ஐ, ஆல், கு ஆகிய உருபுகளுடன் சேர்த்து எழுதுக.

2. உறுப்பினரின் முகவரி, உறுப்பினர்களின் மொத்த எண்ணிக்கை: இவற்றுள் ‘தன்’ பெற வேண்டியது எது? காரணம் கூறுக.

3. மலரின் கணக்கில் நேர்ந்த தவற்றை அவள் நூலகருக்கு விளக்குவதாக ஐந்து தொடர்கள் எழுதுக.