கடல் கடந்து சென்ற புதுவை நீலத்துணி

துணியை நெய்பவர் ஒருவர். அதை உடுத்துபவர் வேறொருவர். இருவருக்கும் இடையே தூரம் கூடக் கூட, தரம் பற்றிய பேச்சு அளவுகோலோடும் தராசோடும் நின்றுவிடுவது வழக்கம். அளவும் எடையும் இன்றியமையாதவையே. ஆயினும் அவை மட்டும் போதா. இதற்கு நம் புதுவையின் பழைய வாணிபத்திலேயே நல்லதொரு பாடம் இருக்கிறது. நெசவாளரும் பயிரிடுவோருமான நம் அங்கத்தினர்கள் அதனை அறிந்திருத்தல் நலம்.

பாலைவனப் பெண்டிரின் உடை

ஆப்பிரிக்காவின் மேற்கே, சகாராப் பாலைவனத்தை ஒட்டியுள்ள நாடு மொரித்தானியா. அங்கு வாழும் மூர் இனப் பெண்டிரின் உடைக்கு மெல்ஹஃபா என்று பெயர். நம் சேலையைப் போலவே அதுவும் தைக்கப்படாத ஒரே துணி. நீளம் சுமார் 4 மீட்டர். அதைத் தோளில் முடிந்து, உடலைச் சுற்றி, தலையையும் மூடிக்கொள்வர். கைகால்களில் மருதாணி இடுவர். வெள்ளி நகைகளும் மணிகளும் பூணுவர். கண்ணாடியைப் பொடித்துச் சுட்டுப் பெண்களே செய்யும் கிஃபா மணிகள் அந்நாட்டின் பெயர்பெற்ற கைவேலையாகும்.

இன்று மெல்ஹஃபா பல வண்ணங்களில் வருகிறது. ஆனால் பழம்பெருமை உடையது கருநீலமே. அந்நீலம் உராய்வினால் பெயர்ந்து முகத்திலும் கைகளிலும் ஒட்டும். அப்படி ஒட்டுவதை அழகென்றும், வெயிலிலிருந்தும் வறண்ட காற்றிலிருந்தும் மேனியைக் காப்பதென்றும் அப்பெண்டிர் கருதுகின்றனர்.

புதுவையின் பங்கு

18, 19ஆம் நூற்றாண்டுகளில் அப்பாலைவனத்து ஆண்களும் பெண்களும் விரும்பி உடுத்திய நீலத்துணி புதுவையிலிருந்து சென்றதாகும். பிரெஞ்சு வணிகர் அதனைக் ‘கினே’ என்றனர். அத்துணி பெரும்பாலும் பிரான்சின் போர்தோ துறைமுகம் வழியாக, செனகல் நாட்டின் சேன் லூயி துறையை அடைந்தது. ஆற்றங்கரைச் சந்தைகளில் மூர் வணிகர் கொணர்ந்த வேலம்பிசினுக்கு ஈடாக அது கொடுக்கப்பட்டது. அப்பிசின் ஐரோப்பிய அச்சுத்துணித் தொழிலுக்கு அவசியமான பொருள். நாளடைவில் கினேத் துண்டே அங்கு நாணயம் போலாயிற்று. 1830களில் சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் அங்கு இறங்கின. இந்தியத் துணிகளைக் கொடுத்து மனிதரையும் அடிமைகளாக வாங்கினர் என்பதை மறைத்தல் ஆகாது. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை 1848இல் ஒழிக்கப்பட்டது.

உழவரும் சாயக்காரரும்

இந்நீலம் அவுரிச் செடியிலிருந்து வந்தது. செடியை அறுத்துத் தொட்டியில் ஊறவைத்து, அந்நீரை அடித்துக் கலக்கினால் நீலம் வண்டலாகப் படியும். அதைக் காய்ச்சி வடித்துக் கட்டியாக்குவர். மிஞ்சிய தழை வயலுக்கு நல்ல உரம். தென்னாட்டுச் சாயக்காரர் நீலக்கட்டியோடு சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்துப் புளிக்கவைத்தனர். தோய்த்தெடுத்த துணி முதலில் பச்சையாகத் தோன்றிக் காற்றுப்பட்டு நீலமாகும். பலமுறை தோய்க்கத் தோய்க்க நிறம் ஆழும். மேற்படிந்த நீலம் தொட்டால் ஒட்டும்.

ஐரோப்பிய ஆலைகள் இதே போன்ற துணியை மலிவாகச் செய்து அனுப்பின. மூர் மக்களோ தொட்டும் முகர்ந்தும் வேறுபாட்டைக் கண்டனர். தரக்குறைவான சரக்கும் கலந்துவரவே, பிரெஞ்சு அரசு நீளம், அகலம், எடை ஆகியவற்றை நிர்ணயித்துப் பரிசோதனையை ஏற்படுத்தியது. எனினும் அதற்கும் முந்திய பரிசோதகர் உடுத்தியவரே. 1897இல் செயற்கை நீலம் ஜெர்மனியிலிருந்து சந்தைக்கு வந்தது. அதன்பின் அவுரி விளைந்த வயல்கள் வேறு பயிருக்கு மாறின.

நாம் கொள்ளவேண்டிய பாடம்

நம் விற்பனை நிலையத்தில் சாயம் ஒட்டும் சேலையைத் திருப்பிக் கொடுப்பர், அது நியாயமே. பாலைவனத்திலோ ஒட்டாத நீலமே போலி எனப்பட்டது. இதைக் கேட்டுச் சாயம் போகும் துணியை நெய்யலாம் என எவரும் கொள்ளவேண்டா! குணம் எது, குறை எது என்பதை உடுத்துபவரே தீர்மானிக்கின்றார் என்பதே கருத்து. அவர் மனத்தை அறியாமல் நெய்த துணி, இழை நெருக்கம் சரியாயிருந்தும், கிடங்கில் தேங்கும். தேங்கிய சரக்கில் முடங்குவது சங்கத்தின் பணம். அடுத்த மாதம் பாவு கிடைக்காமல் நிற்பது அங்கத்தினரின் தறி.

ஆதலின் சங்கங்கள் மூன்று காரியங்களைச் செய்தல் வேண்டும். திரும்பி வந்த ஒவ்வொரு துணிக்கும் காரணத்தைப் பேரேட்டில் எழுதுக. வாங்குவோர் கேட்டும் நம்மிடம் இல்லாதவற்றையும் குறித்து வைக்க. அக்குறிப்புகளை மாதந்தோறும் கூட்டத்தில் நெய்வோர், சாயமிடுவோர் யாவரும் கேட்கும்படி வாசிக்க. செலவில்லாத இவ்வேலையைத் தொடங்க எந்த உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கூட்டமே அதற்குத் தக்க நாளாகும்.