மழையை அளக்கும் பிள்ளைகள்

தருமபுரி மாவட்டம் மொரப்பூர்ப் பக்கம் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழலைச் சொல்லித்தர யோசனை கேட்டால், மழைமானியில் தொடங்குங்கள் என்பேன். மரக்கன்று நடும் விழா ஒரே நாளில் முடிந்துவிடும். மறுநாள் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. மழைமானியை வருடம் முழுக்கப் பார்க்கலாம்.

மேலும் கீழும் ஒரே அகலமுள்ள பாட்டில் போதும். கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகினால் அதுவே புனல். அடியில் கூழாங்கல் போட்டு, மேடுபள்ளம் மறையும்வரை நீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஸ்கேலின் சுழியம் வரும்படி ஒட்டுங்கள். வெயிலில் அந்த நீர் வற்றும். தினமும் சுழியக் கோடுவரை நிரப்ப வேண்டும். ஆடு தட்டிவிடாமல் செங்கல் அண்டக்கொடுங்கள். மேலே மரக்கிளையோ கூரையோ கூடாது. வானிலைத் துறை அளக்கும் காலை 8.30 மணியே நமக்கும். அளவைப் பிள்ளைகளே ஒரு நோட்டில் எழுதட்டும்; அதைப் பெரியவர்கள் தொடக் கூடாது. மழையில்லாத நாளுக்கும் '0' எழுதச் சொல்லுங்கள்; அங்கேதான் பிள்ளைகள் டிமிக்கி கொடுப்பார்கள்.

அடுத்தது கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை, 1 லிட்டர். இருபதுக்கு முப்பதடி மொட்டைமாடி சுமார் 56 சதுர மீட்டர். 20 மி.மீ. பெய்தால் 1,100 லிட்டருக்கு மேல். 15 லிட்டர் குடத்தில் எழுபதைத் தாண்டும். "அத்தனையும் ரோட்டுல ஓடிப்போச்சா சார்?" என்று யாராவது கேட்கும்வரை வாய் திறக்காதீர்கள்.

நம் மாவட்டத்தில் அது சாதாரணக் கேள்வி அல்ல. பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து போர் தண்ணீரில் வருகிறது. லிட்டருக்கு 1.5 மி.கி.யைத் தாண்டிய நீரைச் சிறுவயதில் தொடர்ந்து குடித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் கெடும். காய்ச்சினாலும் போகாது, இன்னும் செறிவாகும். பல பெற்றோருக்கே இது புதுச் செய்தி. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரியை இங்கே கொண்டுவந்தது இந்த ஃபுளோரைடுத் தொல்லைக்காகத்தான். மழைநீரில் அந்தத் தொல்லை இல்லை என்பதைக் குடக்கணக்கோடு சேர்த்துச் சொன்னால் மனதில் நிற்கும். ஆனால் கறைப்பல் உள்ள பிள்ளையைக் காட்டி விளக்கிவிடாதீர்கள்.

மழையில்லா மாதங்களில் பாட்டிலில் மண்ணும் நீரும் போட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் முதலில் அடங்கும், களி கடைசியில். ஏரி மண், வயல் மண் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பொங்கலுக்குத் தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பில் சேர, ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று கண்ட பறவைகளைக் குறித்து, eBird தளத்தில் ஏற்றினால் போதும். காக்கையும் மைனாவும் மட்டுமே வந்தாலும் எழுதட்டும்.