குடும்பச் சிக்கனமும் மழைநீரும்

சிக்கனம் வேறு, உலோபம் வேறு. உலோபி தனக்கு வேண்டியதையும் அனுபவியான். சிக்கனமுள்ளவன் வேண்டியதை அனுபவித்து, வீணாவதை மாத்திரம் தடுப்பான். அடுத்த அறுவடை வரையில் போதுமா என்று கணக்கிட்டு நெல்லைக் குதிரில் சேர்க்கும் குடியானவர்களிற் பலர், தண்ணீர் விஷயத்தில் அவ்வாறு கணக்கிடுவதில்லை. ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்னும் பழமொழி தண்ணீருக்கும் பொருந்துவதே.

இதற்குத் தாம்பரமும் சுற்றுப்புறங்களும் தக்க உதாரணமாகும். 2015ஆம் வருஷம் டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு பெருகி, முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நான்கு ஆண்டுகள் நிறையுமுன், 2019ஆம் வருஷக் கோடையில், சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வற்றின. ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவர நேர்ந்தது. வெள்ளம் கண்ட புறநகர்களிலேயே ஜனங்கள் தண்ணீர் லாரியை எதிர்பார்த்து நின்றார்கள்.

பல்லாவரம், தாம்பரம் பக்கங்களில் மேல்மண்ணின் கீழ்க் கெட்டிப் பாறை உள்ளது. மேலுள்ள உளுத்த பாறையிலும் வெடிப்புகளிலுமே நீர் தங்கும். ஆகையால் மழைக்காலத்தில் நிலத்துள் இறங்காத நீர் கோடையில் கிணற்றில் ஊறாது.

மழையின் கணக்கு

100 சதுர மீட்டர் மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீராகும். ஆண்டு மழையை 120 சென்டிமீட்டர் என்று குறைத்தே கொள்வோம். ஐந்தில் ஒரு பங்கு சேதம் போக 96,000 லிட்டர் மிஞ்சும். ஆளொன்றுக்கு நாள்தோறும் 135 லிட்டர் செலவழிக்கும் ஐவர் குடும்பத்திற்கு இது 142 நாளைக்கு வரும். 100 லிட்டரில் முடித்துக்கொண்டால் 192 நாளைக்கு வரும். நிலத்தில் விட்ட நீர் முழுவதும் சொந்தக் கிணற்றிலேயே திரும்பக் கிடைக்குமென்பதில்லை. ஆயினும், வீட்டாருடைய வழக்கத்தால் மாத்திரம் 50 நாளைய தண்ணீர் மிச்சமாகும் என்பது இதனால் விளங்கும்.

வீட்டில் கைக்கொள்ள வேண்டியவை

1. முந்திய நாள் பிடித்த நீரைப் பழையது என்று காலையில் கொட்டிவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. சுத்தமான பாத்திரத்தில் மூடிவைத்த நீர் ஒரு நாளில் கெடாது. குடிக்க மனமில்லையேல் செடிகளுக்கு ஊற்றலாம்.

2. அரிசியும் காய்கறியும் கழுவிய நீர் மாட்டுக்கு ஆகும். குளித்த நீரை வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சலாம். சோப்பு கலந்த நீரைக் கீரைப்பாத்தியில் விடலாகாது. கொசு உண்டாகாதபடி எந்த நீரையும் தேங்கவும் விடலாகாது.

3. வினாடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாயில் ஆண்டொன்றில் 1,500 லிட்டருக்கு மேல் வீணாகும். ஒழுக்கைக் கண்ட அன்றே அடைப்பது நலம்.

4. மழைநீர்ச் சேகரிப்பு 2003ஆம் வருஷம் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. சட்டத்திற்காகக் குழாயைப் பொருத்திவிட்டு அப்படியே விட்டுவிடுவதால் பயனில்லை. புரட்டாசி முடிவதற்குள் மாடியைப் பெருக்கி, குழியிலுள்ள ஜல்லியையும் மணலையும் கழுவிப் போடவேண்டும். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டுப் பிறகே குழிக்குத் திருப்பவேண்டும்.

ஊராரின் கடமை

ஏரி ஊருக்குப் பொதுவான குதிர் ஆகும். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் முதலிய ஊர்களின் ஏரிகள் நிறைந்தால் அருகிலுள்ள கிணறுகளுக்கும் ஊற்று உண்டு. வரத்துக்காலில் குப்பை கொட்டுவதும், கரையை ஒட்டி இடத்தைச் சேர்த்துக்கொள்வதும் ஊராரின் குதிரில் ஓட்டையிடுவதற்குச் சமானம். வரத்துக்கால், மதகு, கலங்கல் மூன்றையும் ஐப்பசி மழைக்கு முன்பே கிராம அலுவலர்களும் நிலமுடையோரும் சேர்ந்து பார்வையிடுவது அவசியம். கலங்கல் அடைபட்டிருந்தால் மிகுந்த நீர் வீடுகளுக்குள் புகும். வரத்துக்கால் அடைபட்டிருந்தால் அந்நீர் ஏரிக்கே வராது.

கிணறு வற்றிய பின்பு காட்டும் சிக்கனம் வேறு வழியின்றிச் செய்வது. கிணறு நிறைந்திருக்கும் கார்த்திகையிலும் செம்பால் அளந்து மொண்டு குளிக்கும் வீட்டாருக்குச் சித்திரையில் கஷ்டம் குறையும். அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்பழக்கம் சொல்லாமலே வரும்.