பித்தளை பேட்ஜை எடைக்குப் போடும் முன்

போன போகிக்கு வீட்டை ஒழிச்சப்போ, பாட்டியோட டிரங்குப் பெட்டியில ஒரு பித்தளை பேட்ஜ் கிடைச்சது. மேல எஸ்.ஐ.ஆர்., கீழ ஒரு நம்பர். பழைய பேப்பர்காரரோட தராசு வரைக்கும் போயிடுச்சு. "அது எங்கப்பாவோடதுடா. தாம்பரத்துல எலெக்ட்ரிக் ட்ரெயின்ல வேலை பார்த்தார்" என்று பாட்டி சொன்னதால் தப்பியது.

நாம படிக்கிற மின் துறையின் பழைய அடையாளங்கள் பல வீடுகளில் இப்படித்தான் கிடக்கின்றன. அவற்றின் காலத்தைக் கண்டுபிடிக்க சில வழிகள்:

1. பெயரைப் படிங்க. எஸ்.ஐ.ஆர். என்பது சவுத் இந்தியன் ரயில்வே. 14 ஏப்ரல் 1951 அன்று அது சதர்ன் ரயில்வேயில் இணைந்தது. எனவே பேட்ஜ் அதற்கு முன் செய்தது. கடற்கரை–தாம்பரம் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். ஆக, கொள்ளுத்தாத்தா அந்த வேலையில் இதை அணிந்திருந்தால் 1931-க்கும் 1951-க்கும் நடுவில். பழைய ஸ்டாக்கைக் கொஞ்ச நாள் கூடுதலாகவும் பயன்படுத்தியிருக்கலாம்.

2. கரன்ட் ஆபீஸ் பொருளா? 'மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன்' என்றிருந்தால், 1947-ல் அரசு எடுத்துக்கொள்வதற்கு முந்தையது. மெட்ராஸ் மாநில மின்வாரியம் 1957-ல் வந்தது. மாநிலத்தின் பெயர் 1969-ல் மாறியதால், 'தமிழ்நாடு' என்றிருந்தால் அதற்குப் பிந்தையது.

3. சங்க பேட்ஜா? தொழிற்சங்கப் பதிவு எண் இருந்தால் 1926 சட்டத்துக்குப் பிந்தையது. அமெரிக்காவிலும் இதே கதைதான்: அங்குள்ள மின்தொழிலாளர் சங்கம் 1891-ல் 'நேஷனல் பிரதர்ஹுட்' என்று தொடங்கி, 1899-ல் 'இன்டர்நேஷனல்' ஆனது. அந்த ஒரு வார்த்தையே காலத்தைக் காட்டிவிடும்.

4. காந்தம் வைங்க. ஒட்டினால் உள்ளே இரும்பு. மேலே பித்தளை முலாம் மட்டும்தான். உண்மையில் அணிந்த பேட்ஜில் எழுத்தின் மேடும் ஊசி உரசும் இடமும் தேய்ந்திருக்கும். எல்லா இடமும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் சந்தேகப்படுங்க.

5. புளி போட்டுத் தேய்க்காதீங்க! நான் தேய்க்கத்தான் போனேன். பளபளப்பு வரும், பழைய நிறமும் மெல்லிய எழுத்தும் போகும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

இதில் 1951-ஐ பேட்ஜ் சொன்னது. 1931-க்கு வழி காட்டியது பாட்டி. அவங்க சொல்லலைன்னா அது வெறும் ரயில்வே பேட்ஜ். மின்சார வேலை என்பதே தெரிந்திருக்காது. அதனால் ஒரு சீட்டில் யாருடையது, என்ன வேலை, சொன்னது யார், எந்தத் தேதியில் என்று எழுதி பேட்ஜோடு வைத்திருக்கிறேன். உங்க வீட்டிலும் கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுடுங்க.