மலைத் தேய்மானத்துக்குக் கல்வெட்டு சாட்சி!

சரிவு, மழை, பாறையின் உறுதி இவற்றைக் கொடுத்தால், மலை தேய்வதைக் கணிப்பொறி மாதிரி காட்டிவிடும். அது சரியா என்று எப்படிச் சோதிப்பது?

நம்ம மேலூர்ப் பக்கம், மாங்குளம் மலைக்குகையில் உள்ள தமிழ் பிராமி எழுத்துக்களுக்கு வயது 2,000க்கு மேல். பாறை வருஷத்துக்கு 0.01 மில்லிமீட்டர் தேயும் என்று ஒரு மாதிரி சொன்னால், இந்நேரம் 20 மில்லிமீட்டர் போயிருக்கணும். எழுத்தே மிஞ்சியிருக்காது!

உடனே மாதிரி தப்பு என்று முடிவுகட்டக் கூடாது. மழைநீர் உள்ளே வராதபடி இத்தகைய குகைகளின் முகப்பில் காடி வெட்டியிருப்பார்கள். நனையாத பாறை, நனையும் பாறைக்குச் சாட்சியாகாது.

திறந்த பாறைக்கு வேறு சாட்சி உண்டு. விண்கதிர் பட்டு, பாறையின் குவார்ட்ஸில் பெரிலியம்-10 உண்டாகிறது. வேகமாகத் தேயும் பாறையில் அது குறைவாகத்தான் சேரும்.

நாளைக்கு நாம் கண்மாய் வண்டலுக்குக் கணக்குப் போடும்போதும் இதே விதிதான். கணிப்பொறி சொன்னதென்று கையெழுத்துப் போடுமுன், கண்மாய்க்குள் இறங்கி அளந்து பார்க்கணும்.