நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தும் நாய்களுக்கு வரும் கிருமி நோய்களும்

செங்கற்பட்டு மாவட்டக் கடலோரத்தில், புதுப்பட்டினம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள கிராமங்களில், வேர்க்கடலைக் கொல்லைக்கும் ஆட்டுப்பட்டிக்கும் நாய் இராக்காவலாக உதவுகின்றது. அத்தகைய நாய்க்குக் கடும் வியாதி கண்டு, சிகிச்சையால் குணமாகி வரும்பொழுதே, வேறொரு வியாதி புகுந்து அதை மாய்த்துவிடுவதுண்டு. இதன் காரணத்தைக் குடியானவர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

மருந்தின் நோக்கம்

இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் முதலியன தேகத்துக்குக் காவலாம். சிற்சில சமயங்களில், முக்கியமாக உண்ணிகளால் பரவும் இரத்த நோய்களை அடுத்து, இக்காவல் நிலை தவறித் தன் சிவப்பணுக்களையே அழிக்கத் தொடங்கும். ஈறு வெளுக்கும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும், நாய் சில நாட்களில் இறக்கவும் கூடும். அப்பொழுது மருத்துவர் அக்காவலை அடக்கப் பிரெட்னிசோலோன் என்னும் மருந்தைக் கொடுப்பார். வெறும் அரிப்புக்கு நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு அரை முதல் 1 மில்லிகிராம் போதும். காவலை அடக்குவதற்கோ 2 மில்லிகிராம் வரை வேண்டும். அதாவது 15 கிலோ எடையுள்ள நாய்க்கு 30 மில்லிகிராம். இதனுடன் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்தைச் சேர்ப்பதும் உண்டு.

சமயம் பார்க்கும் கிருமிகள்

காவற்காரன் உறங்கினால் பட்டி மாடு கொல்லையில் இறங்கும். அவ்வாறே, முன்பு தீங்கின்றி இருந்த கிருமிகள் இப்பொழுது நோய் செய்கின்றன. நாயின் தோலில் இயல்பாக வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் சூடிண்டர்மீடியஸ் என்னும் கிருமி (இது 2005-இல் தனி இனமாக வகுக்கப்பட்டது) கொப்புளங்களை உண்டாக்கும். குடலில் வாழும் ஈ-கோலை மூத்திரப்பையில் புகும். மண்ணில் வாழும் நொகார்டியா, காயத்தின் வழியாகவோ மூச்சின் வழியாகவோ நுழைந்து, ஆறாத புண்ணையும் நுரையீரல் நோயையும் விளைக்கும்.

நஞ்சை நிலமுடையோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். 1912-இல் இரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்னும் மருத்துவர்கள் விவரித்த மெலியாய்டோசிஸ் நோயின் கிருமி, வெப்ப நாடுகளில் நெல் வயலின் ஈரமண்ணில் வாழ்வது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மனிதரிடம் இந்நோய் பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. நலமுள்ள நாய்க்கு இது அரிது. எதிர்ப்பு அடங்கிய நாய்க்கு மழைக்காலச் சேறு ஆபத்தானது.

அடையாளங்கள் மறைதல்

இச்சிகிச்சையில் உள்ள பெருஞ்சங்கடம், நோய் உள்ளே வளர்ந்தும் வெளியில் தோன்றாமையே. காய்ச்சல், வீக்கம், வலி ஆகியவற்றையும் இம்மருந்து தணித்துவிடும். மேலும், மருந்தாலேயே நாய் மிகுதியாக நீர் குடித்து மிகுதியாகச் சிறுநீர் கழிக்கும். ஆதலால் மூத்திரப்பை நோய் எளிதில் கவனத்துக்கு வராது. இம்மருந்து பசியைத் தூண்டுவது. அதை உண்ணும் நாய் தீனியை வெறுத்தால் அதுவே முதல் எச்சரிக்கை. இருமல், விரைந்த மூச்சு, ஆறாத புண், கலங்கிய அல்லது துர்நாற்றமுள்ள சிறுநீர் ஆகியன மற்றவை.

செய்ய வேண்டுவன

(1) மருந்தைத் தாமாகத் திடீரென நிறுத்தலாகாது. நெடுநாள் மருந்துண்ட நாயின் சிறுநீரகமேற் சுரப்பிகள் சுருங்கியிருக்குமாதலால், அது மயங்கி வீழ்ந்து இறக்கக் கூடும். மருத்துவரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.

(2) அரிப்பு கண்டவுடன் கடையில் இம்மாத்திரையை வாங்கிக் கொடுத்தல் கூடாது.

(3) சிகிச்சை நீடித்தால், நாய் நலமாய்த் தோன்றினும், மருத்துவர் குறிக்கும் காலங்களில் சிறுநீரைச் சோதிப்பித்தல் நலம். கிருமியை வளர்த்துப் பார்த்து, அதற்கு ஏற்ற மருந்தைத் தேர்ந்தால் வீண் செலவு குறையும். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை இவ்வகைச் சிகிச்சைக்கு உரிய இடங்களில் ஒன்று.

(4) நாயை உலர்ந்த தரையில் கட்டி, உண்ணிகளை அகற்றி, பச்சை மாமிசத்தை விலக்க வேண்டும். மருத்துவரைக் கேளாமல் எந்தத் தடுப்பூசியும் போடலாகாது. உயிருள்ள கிருமி கொண்ட ஊசிகள் இச்சமயத்தில் தீங்கு செய்யக்கூடும்.

(5) மெலியாய்டோசிஸ் நீரிழிவுள்ள மனிதருக்கும் கொடியது. அத்தகையோர் நாயின் புண்ணைக் கையுறையின்றித் தொடாதிருப்பது நன்று.

கிராம அதிகாரிகள் இவ்விஷயங்களை நாய் வளர்ப்போருக்கு எடுத்துரைக்கலாம். நாயை மருத்துவரிடம் கொண்டு செல்லும்பொழுது மாத்திரை அட்டையையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். நாய் உண்ணும் மருந்து இன்னதென்று அறியாவிடில், காய்ச்சல் இல்லாமையைக் கண்டு கிருமி நோய் இல்லையென்று கருத இடமுண்டாகும்.