பட்டை சேர்த்தால் பாரம் தாங்குமா?

"இன்னும் ரெண்டு பட்டை சேத்துக் குடுங்கண்ணா, ஒன்றரை டன் போட்டுக்கலாம்." பட்டறைக்கு வரும் பழைய குட்டி யானைக்காரர்களில் பாதிப் பேர் வண்டியை நிறுத்தியதும் சொல்வது இதுதான். யார் கிளப்பிவிட்டார்களோ, ராசிபுரத்திலிருந்து சங்ககிரி வரைக்கும் இதே பேச்சு.

ஸ்பிரிங்கில் பட்டை சேர்த்தால் வண்டியின் பின்பக்கம் குந்தாது. அவ்வளவுதான் நடக்கும். குந்துவது, 'போதும், இறக்கு' என்று வண்டி சொல்கிற பாஷை. அதன் வாயைத்தான் காசு கொடுத்து அடைக்கிறீர்கள்.

நம்பிக்கை இல்லையென்றால் டயரின் பக்கவாட்டுச் சேற்றைக் கையால் துடைத்துப் பாருங்கள். அளவை ஒட்டி ஓர் எண் இருக்கும். 84 என்று போட்டிருந்தால் அந்த டயர் தாங்குவது 500 கிலோ, அதுவும் காற்று சரியாக இருந்தால். பின்னால் இரண்டு டயருக்கு ஒரு டன். வண்டியின் சொந்த எடையில் பின்பக்கப் பங்கும் அந்த ஒரு டன்னுக்குள்தான் அடக்கம். நான் எத்தனை பட்டை அடுக்கினாலும் 84 நூறாகாது. பேரிங்கும் ஹவுசிங்கும் பிரேக்கும் அப்படியே பழசாகத்தான் இருக்கும்.

நாம் குட்டி யானை என்கிற டாடா ஏஸ் 2005-ல் வந்தபோது இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். ஏறக்குறைய முக்கால் டன்னுக்கென்று செய்த வண்டி. சிமெண்ட் என்றால் 15 மூட்டை. "என் வண்டி 25 மூட்டையை அசால்ட்டா இழுக்குதே!" இழுக்கும் சாமி, யார் இல்லையென்றது? சமதளத்தில் வெறும் லாரியை நாலு பேர் தள்ளியே நகர்த்திவிடலாம். உருண்டு வரும் லாரியை அதே நாலு பேர் நிறுத்தட்டும், பார்ப்போம்.

கலவை மெஷினைப் பின்னால் மாட்டி இழுப்பவர்கள் இதற்கும் மேலே. வண்டியில் இருக்கும் கொக்கி, நடுவழியில் நின்றுபோனால் கட்டி இழுக்க. தினமும் பாரம் இழுக்க அல்ல. பெரும்பாலான மெஷின்களுக்குப் பிரேக்கே கிடையாது. அதன் எடையையும் உங்கள் வண்டியின் பிரேக்தான் பிடித்தாக வேண்டும். மெஷினின் ஏர்க்கால் பின்பக்கத்தை அமுக்க அமுக்க முன்சக்கரத்தில் பிடிப்பு குறையும். ஸ்டீயரிங் லேசாகிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள்.

இப்படியே தொப்பூர் கணவாயில் இறங்கிப் பாருங்கள். அப்படி இறங்கி வந்த வண்டியின் டிரம்மைக் கழற்றினால் உட்புறம் நீலம் பாய்ந்திருக்கும், லைனிங் கருகிய வாடை அடிக்கும். அதை ஓட்டியவர் வீடு திரும்பியது அவர் வீட்டார் செய்த புண்ணியம்.

நியூட்ரலில் இறங்கினால் டீசல் மிச்சமாம். தப்பு. கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பம்ப் டீசலை நிறுத்திவிடும். இன்னொரு கதை, 2018-ல் அரசே எடையைக் கூட்டிவிட்டது என்பது. அது பெரிய லாரிகளின் அச்சுக்கான உச்சவரம்பு. உங்கள் வண்டிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கூடுதல் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000 ரூபாய் தனி.

ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை, வெற்று எடை என்று இரண்டு எண் இருக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் உங்கள் பாரம். பிறகு மாட்டிய கம்பி கேரியர், தார்ப்பாய், கூட வரும் ஆள் எல்லாம் அதற்குள்தான். இந்த ஊரில் மூலைக்கொரு எடை மேடை. முதலில் பின்சக்கரத்தை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, பிறகு முழு வண்டிக்கும் ஒரு சீட்டு வாங்குங்கள். மில் வாசலில் மரவள்ளிக் கிழங்குக்கு மாவுச்சத்துப் பாயிண்ட் பார்க்க அரை நாள் காத்துக் கிடப்பவர், வண்டிக்கு எடை போட அஞ்சு நிமிஷம் நிற்கமாட்டார். சுமை வண்டி லைசென்ஸுக்கு வருபவரை முதலில் எடை மேடைக்குத்தான் அனுப்ப வேண்டும், எட்டுப் போடுவதெல்லாம் அப்புறம்.

போன வாரம் மரவள்ளி ஏற்றி வந்த ஒருவரை, "எடைச் சீட்டோடு வாங்க, பட்டையைப் பத்திப் பேசலாம்" என்று அனுப்பிவைத்தேன். ஆள் திரும்பி வரவில்லை. வேறு பட்டறையில் சேர்த்திருப்பார்.